நடுவில் அமர்ந்தவர்: பிக்கப் டிரக்கின் கன்சோல் குறித்துச் சில குறிப்புகள்

‘கன்சோல்’ என்னும் சொல் பிரெஞ்சுக் கட்டடக்கலையிலிருந்து வந்தது. சுவரிலிருந்து முன்னே நீண்டு, மேலுள்ள மாடத்தையோ பலகையையோ தாங்கி நிற்கும் உறுப்புக்கு அப்பெயர். நம் கோயில் மண்டபங்களில் தூணின் தலைமீது அமர்ந்து உத்திரத்தைத் தாங்குகிற போதிகையை அதன் தூரத்து உறவு எனலாம். பின்னர் அச்சொல் சுவரோடு ஒட்டி நிற்கும் மேசையைக் குறித்தது. தேவாலய ஆர்கனின் விசைப்பலகைகள் பொருந்திய பேழையைக் குறித்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கூடத்துத் தரையில் நின்ற வானொலிப் பேழையையும் குறித்தது. கடைசியாக மோட்டார் வாகனத்துக்குள் ஏறி, இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. இன்று ஓர் அமெரிக்கரிடம் டிரக்கின் கன்சோல் என்று சொன்னால், முழங்கை வைக்க மெத்தை மூடியும், கோப்பை நிறுத்த இரண்டு குழிகளும், சில்லறை, சாவி, ரசீது, தொலைபேசி அனைத்தையும் விழுங்க ஓர் ஆழமான வயிறும் கொண்ட பிளாஸ்டிக் பெட்டிதான் அவர் நினைவுக்கு வரும்.

பழைய பிக்கப் டிரக் வைத்திருக்கும் அமெரிக்கர் பலர் இந்தப் பெட்டியை மாற்றுகிறார்கள். மூடி உடைந்து, கீல் தளர்ந்து, வெயிலில் வெளுத்துப்போனதைக் கழற்றிவிட்டு நல்லதொன்றைப் பொருத்துவோர் ஒரு வகை. பெட்டியே இல்லாமல் நீண்ட பெஞ்ச் இருக்கையுடன் வந்த வண்டியில், உயர்ந்த விலை வண்டியின் பெட்டியைக் கொண்டுவந்து வைப்போர் இன்னொரு வகை. அந்நாட்டில் ஓடும் கார்கள், இலகுரக டிரக்குகளின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட காலம் இது. புதிது வாங்குவதைவிட, இருப்பதன் உட்புறத்தைப் புதுக்கிக்கொள்வது பலருக்குக் கட்டுப்படியாகிறது. சில போல்ட்டுகள், ஒன்றிரண்டு வயர்கள், ஒரு பிற்பகல் நேரம், அவ்வளவே வேலை. இதை இலக்கிய வாசகரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் முன்பு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதே என் பதில். அவர் எப்போது, யாருக்காக எழுந்து இடம்விட்டார் என்று பார்க்கப்போனால், ஒரு தேசம் தன் உழைப்பு வண்டியை எவ்வாறு வேறொன்றாக மாற்றிக்கொண்டது என்னும் கதை முழுவதும் அந்த ஒரு முழ அகலத்துக்குள் அடங்கியிருக்கக் காணலாம்.

1925ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் தொழிற்சாலையிலேயே சிறு சரக்குத் தொட்டி ஒன்றைப் பொருத்தி, ‘பிக்-அப்’ என்ற பெயரோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். அதற்கு முன்னரும் உழவர்களும் கடைக்காரர்களும் காரின் பின்பாகத்தை அறுத்துத் தாங்களே மரத்தொட்டி பொருத்திக்கொண்டவர்கள்தாம். மாற்றிப் பொருத்துவது என்பது பிக்கப் டிரக்கின் பிறவிக் குணம் என்றே சொல்லவேண்டும். மாடல் டி வண்டியில் ஓட்டுநருக்கு அருகே தரையின் நடுவில் கியர் தண்டு எதுவும் கிடையாது. மிதிகளும் இடப்புறம் ஒரு கைத்தண்டுமே அதன் வேகங்களை மாற்றின. எனவே தரை வெறுமையாக இருந்தது. ஆனால் பலகை குறுகியது, இருவருக்கே போதும். 1927 இறுதியில் வந்த மாடல் ஏ வண்டியில்தான் தரையின் நடுவிலிருந்து நீண்ட கியர் தண்டு எழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் டிரக்கின் நடுவிடம் அந்தத் தண்டுக்கே உரியதாயிற்று. மூன்றாமவர் ஒருவர் ஏறினால் முழங்கால்களை அதன் இருபுறமும் விரித்து, ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் நெளிந்துகொடுக்கவேண்டும்.

கார்களில் கியர் தண்டு ஸ்டியரிங் தண்டின்மேல் ஏறத்தொடங்கியது 1930களின் இறுதியில். நம் பழைய அம்பாசிடரில் முன்னிருக்கையில் மூவராகப் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் பயனை விளக்கவேண்டியதில்லை. டிரக்குகளுக்கு அது போருக்குப் பிறகே வந்தது. செவ்ரோலே 1947இல் வெளியிட்ட புதிய வரிசை டிரக்குகளின் அறை மூன்று பெரியவர் உட்காரும் அகலம் கொண்டது என்பது அதன் விளம்பரங்களில் முக்கியமாகப் பேசப்பட்டது. மறு ஆண்டே அதன் மூன்று வேகக் கியர் தண்டும் தரையைவிட்டு ஸ்டியரிங்குக்கு இடம்பெயர்ந்தது. அதே 1948இல் ஃபோர்டு தன் எஃப் வரிசையை அறிமுகம் செய்தபோது ‘மில்லியன் டாலர் கேப்’ என்று ஓட்டுநர் அறையைத்தான் கொண்டாடியது. இழுவைத்திறனும் சரக்கின் எடையுமே பேசப்பட்ட ஒரு வண்டிக்கு உட்புறம் ஒரு பெருமையாக மாறிய தருணம் அது. தானியங்கிக் கியர் 1954இல் செவ்ரோலே டிரக்குகளில் விருப்பத்தேர்வாகக் கிடைத்தபின், நடுவில் இருந்தவரின் முழங்கால்களுக்கு இருந்த கடைசித் தொந்தரவும் நீங்கியது. நான்கு வேகக் கனரகக் கியர் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் தண்டு தரையிலேயே நின்றது.

நடுவில் அமர்ந்தவர் யார்? வயலுக்குப் போகும் வண்டியில் அவர் இளைய மகன். கட்டட வேலைக்குப் போகும் வண்டியில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். சனிக்கிழமை இரவில், கதவோரம் இடம் காலியாக இருந்தும் ஓட்டுநரின் தோளோடு ஒட்டி நடுவில் வந்து அமரும் காதலி. இந்த மூன்றாவது காட்சி அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில் திரும்பத் திரும்ப வந்து ஒரு மரபாகவே ஆகிவிட்டது. பெஞ்ச் இருக்கைக்கு ஓர் இலக்கணம் உண்டு: அதில் இன்னாருக்கு இவ்வளவு என்று வரம்பு கிடையாது. நெருங்கி உட்காரலாம், விலகி உட்காரலாம், நாய்க்கும் இடம் உண்டு. எல்லையை ஒவ்வொரு பயணத்திலும் அமர்ந்திருப்பவர்களே வகுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பழைய திண்ணையை நினைவூட்டுகிறது. நாற்காலி எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது, திண்ணை அப்படியன்று.

இனி பெட்டியின் வருகைக்கு வருவோம். அதன் மூதாதை டிரக்கில் பிறக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்ட் கார், தரையைத் தாழ்த்தி உடலைப் பதிவாக அமைத்தது. தாழ்த்திய தரையின் நடுவே கியர்பாக்ஸும் அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் தண்டும் செல்லவேண்டியிருந்ததால், ஒரு மேடு முதுகெலும்புபோல் உயர்ந்து நின்றது. அதை மறைக்க வழியில்லை. எனவே அதன்மேலேயே நீண்டதொரு பெட்டியை அமைத்து, சாம்பல் கிண்ணங்கள், சன்னல் கண்ணாடிகளை இயக்கும் பொத்தான்கள், வானொலியின் ஒலிபெருக்கி முதலியவற்றை அதில் பதித்தார்கள். இயந்திரவியலின் ஒரு சங்கடம் ஆடம்பரத்தின் அடையாளமாக அரங்கேறியது. தனித்தனிக் குழிவிருக்கைகள் இரண்டு, நடுவே பெட்டி: விமானி அறையின் சாயல் கொண்ட இந்த அமைப்பு அடுத்த சில ஆண்டுகளில் விளையாட்டுக் கார்களின் இலக்கணமாயிற்று.

அங்கிருந்து டிரக்குக்கு அது வந்த வழி சுவையானது. 1964இல் டாட்ஜ் நிறுவனம் ‘கஸ்டம் ஸ்போர்ட்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரில் தன் பிக்கப்புக்கு ஓர் அலங்காரத் தொகுப்பை வெளியிட்டது. உடலில் பந்தயக் கோடுகள், தரையில் கார்பெட், குழிவிருக்கைகள், நடுவில் கன்சோல். கூடுதல் பணம் கொடுத்தால் 365 குதிரைத்திறன் கொண்ட 426 கன அங்குல வி-8 எஞ்சினும் உண்டு. ஆனால் அந்த இருக்கைகளும் கன்சோலும் டிரக்குக்கென வடிக்கப்பட்டவை அல்ல. டாட்ஜ் கார்களின் உதிரிபாக அடுக்கிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. இன்று வீட்டு முற்றத்தில் ஒருவர் செய்யும் அதே வேலையைத் தொழிற்சாலையே முதலில் செய்தது. மிகச் சில நூறு பேரே அதை வாங்கியிருப்பார்கள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு டிரக்கில் இருவர் மட்டும் போனால் போதும், மூன்றாமவருக்கு இடம் வேண்டாம் என்று பணம் கொடுத்துக் கேட்பவர் இருப்பார் என்ற கணிப்பு புதியது. வேலைக்குப் போகாத டிரக் என்ற கருத்து அங்கே முளைவிடுகிறது.

செவ்ரோலே இன்னும் தந்திரமாக நடந்துகொண்டது. 1967இல் வந்த அதன் ‘கஸ்டம் ஸ்போர்ட் டிரக்’ வகையில் குழிவிருக்கைகள் கேட்டால், நடுவில் ஒரு சிறு மூன்றாம் இருக்கையும் வந்தது. அதன் முதுகை முன்னே மடித்தால் முழங்கை தாங்கி. நிமிர்த்தினால் ஆள் உட்காரும் இடம். பெட்டியா மனிதரா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொண்ட அந்த அமைப்பு பின்னாளில் 40/20/40 என்ற பெயரில் அமெரிக்க டிரக்குகளின் பொதுவடிவமாயிற்று. எண்கள் அகலத்தின் விழுக்காடுகள்: ஓட்டுநருக்கு நாற்பது, கதவோரத்தவருக்கு நாற்பது, நடுவிலிருப்பவருக்கு இருபது.

1970களில் வேறு காரணங்கள் சேர்ந்தன. எண்ணெய் நெருக்கடியும் 1974இல் சட்டமான 55 மைல் வேக வரம்பும் சேர்ந்து சி.பி. வானொலி மோகத்தைக் கிளப்பின. எங்கே காவலர் நிற்கிறார், எங்கே டீசல் கிடைக்கும் என்று லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொண்ட அக்கருவியைப் பிக்கப் வைத்திருந்தவர்களும் வாங்கினர். அதை எங்கே வைப்பது? ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்து, கம்பளத் துண்டு ஒட்டி, தரை மேட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். தச்சு வராதவர்களுக்குத் தபாலில் பாகங்கள் அனுப்பும் ஜே. சி. விட்னி போன்ற விற்பனையாளர்களின் தடித்த விலைப்பட்டியல்கள் இருந்தன. நடுவிடத்தை முதலில் கைப்பற்றிய பொருள் ஒரு பேச்சுக் கருவி என்பதில் சிறு முரண் உண்டு. அருகிலிருந்தவர் போய், தொலைவிலிருந்தவரின் குரல் வந்து அமர்ந்தது.

ஆயினும் நடுவில் இருந்தவரைத் துரத்தியதில் பெரும்பங்கு பின்வரிசைக்கே உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1957இலேயே பின்வரிசை இருக்கையும் அதற்கென ஒரு மூன்றாம் கதவும் வைத்த டிராவலெட் டிரக்கை விற்றது. 1973இல் டாட்ஜின் கிளப் கேப், 1974இல் ஃபோர்டின் சூப்பர் கேப் என்று ஓட்டுநர் அறை பின்னோக்கி நீண்டது. நான்கு கதவுகள் வந்தன. குழந்தைகள் பின்னே போனார்கள், கடைசியாகச் சேர்ந்த தொழிலாளியும் பின்னே போனார். நடுவிடம் காலியானது.

காலியான இடத்தை நிரப்பியது பெரும்பாலும் காப்பிதான். வண்டியில் இருந்தபடியே வாங்கித் தின்னும் சாளரக் கடைகள் நாடெங்கும் பெருகிய பிறகும், வாங்கிய கோப்பையை வைக்க வண்டிக்குள் உருப்படியான இடம் நெடுங்காலம் இல்லை. கையறைக் கதவின் உட்புறத்தில் இரண்டு வட்டப் பள்ளங்கள் இருக்கும். வண்டி நின்றால்தான் பயன்படும். 1984ஆம் ஆண்டு மாடலாக வந்த கிரைஸ்லர் மினிவேனில் கோப்பைத் தாங்கிகள் இரண்டு இருந்ததை வரலாற்றாசிரியர்கள் இன்றும் குறிப்பிடுவதே அதற்கு முந்தைய நிலையைக் காட்டும்.

1992 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்பகர்க்கி நகரில் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டி மெக்டொனால்ட்ஸ் சாளரத்தில் 49 சென்ட் காப்பி ஒன்று வாங்கினார். காரை ஓட்டியவர் அவர் பேரன். பாலாடையும் சர்க்கரையும் கலந்துகொள்ளட்டும் என்று பேரன் வண்டியை நிறுத்தினார். அது 1989ஆம் ஆண்டு ஃபோர்டு புரோப்; அதில் கோப்பைத் தாங்கி இல்லை. மூதாட்டி கோப்பையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு மூடியை இழுத்தார். காப்பி மடியில் கொட்டியது. 82 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பரிமாறப்பட்ட அந்தக் காப்பி மூன்றாம் நிலைத் தீப்புண்களை உண்டாக்கியது. எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டுச் சிகிச்சை. 1994இல் நடுவர் குழு அளித்த 27 லட்சம் டாலர் தண்டத் தொகையை நீதிபதி 4,80,000 டாலராகக் குறைத்ததும், இரு தரப்பும் பின்னர் சமரசம் செய்துகொண்டதும் பலர் அறிந்தவை. காப்பியைக் கொட்டிக்கொண்டு கோடீசுவரியான கிழவி என்று அவரைக் கேலி செய்தவர்கள் தீப்புண்களின் படத்தைப் பார்க்காதவர்கள். வழக்கு காப்பியின் சூட்டைப் பற்றியதேயன்றி காரைப் பற்றியதன்று. எனினும் ஒரு கோப்பையை வைக்க இடமில்லாத முன்னிருக்கை என்பது எவ்வளவு அண்மைக்காலத்து நடைமுறை என்று அறிய அதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1994இல் மறுவடிவம் பெற்று வந்தது டாட்ஜ் ராம். பெரிய லாரியின் முகச்சாயலை அது பூண்டு வந்ததைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். உள்ளே நடந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன் நடு இருக்கையின் முதுகை முன்னே சாய்த்தால் அகன்ற கன்சோல் கிடைக்கும். மூடியைத் திறந்தால் மடிக்கணினி வைக்கலாம், கோப்புகள், எழுதுபொருள்கள் வைக்கலாம். ஒப்பந்தக்காரர் தன் அலுவலகத்தை அங்கேயே நடத்தலாம் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். உழைப்பவரின் வண்டி உழைப்பை மேற்பார்வையிடுபவரின் வண்டியாகவும் ஆயிற்று. முன்பு நடுவில் அமர்ந்து போன கூலியாளின் வருகைப் பதிவேடு இப்போது அதே இடத்தில் பெட்டிக்குள் இருந்தது!

ஒரு வண்டியின் பெட்டி மற்றொன்றுக்குப் பொருந்துவது எப்படி? 1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகப் பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, திருப்புளியும் ஸ்பேனரும் மட்டும் கொண்டு மீண்டும் மூன்று கார்களாகக் கோத்து, ஐந்நூறு மைல் ஓட்டிக் காட்டினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதற்காக டூவர் கோப்பையை வழங்கியது. ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவிப் பொருத்தும் கைவினை மரபில் வளர்ந்த ஐரோப்பியருக்கு அது வித்தையாகத் தோன்றியிருக்கும். அந்த வித்தையின் மேல்தான் அமெரிக்கக் காயலான் கடைகள் நிற்கின்றன. எந்த ஆண்டு வண்டியின் எந்தப் பாகம் வேறு எவற்றுக்குப் பொருந்தும் என்று எண்ணிட்டுத் தொகுக்கும் ஹாலண்டர் கையேடு 1930களிலிருந்து அக்கடைகளின் நிகண்டாக விளங்குகிறது. (சென்னைப் புதுப்பேட்டையில் அந்த நிகண்டு வாய்மொழி இலக்கியம்.)

1999க்கும் 2006க்கும் இடையே வந்த செவ்ரோலே சில்வராடோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே அடிச்சட்டத்தின்மேல் டாஹோ, சபர்பன், காடிலாக் எஸ்கலேட் ஆகியவையும் கட்டப்பட்டன. எனவே வேலைக்கென 40/20/40 இருக்கையோடு வாங்கிய டிரக்கில், நொறுங்கிய எஸ்கலேட்டின் கன்சோல் கொண்டுவந்து அமர்த்தப்படுகிறது. தானியங்கிக் கியர் அவற்றில் ஸ்டியரிங்கிலேயே இருப்பதால் கியரைத் தொடவேண்டியதில்லை. 2004–2008 ஃபோர்டு எஃப்-150இல் உயர்வகைகளின் கன்சோலில் கியர் தண்டு நிற்கிறது. அதைக் கொணர்ந்தால் கியர் கேபிளையும் மாற்றவேண்டும். நான்கு சக்கர இயக்கத்துக்குத் தரையில் தனித் தண்டு உள்ள வண்டியில் பெட்டி அத்தண்டோடு மோதும்.

வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுக் காத்திருப்பது மரபு. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கோ பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக்கோ உரியவை. மின்னோட்டம் இருக்கையில் தொடலாகாது. நடு இருக்கையின் போல்ட்டுகளை அவிழ்த்து எடுத்தபின் கார்பெட்டில் அதன் கால்கள் பதிந்த தழும்புகள் தெரியும். புதிய பெட்டியின் தாங்கிகளுக்குத் தரையில் துளையிடவேண்டியிருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவரே அனுபவசாலி. எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் வயரிங்கும் கியர்பாக்ஸும் அந்தத் தகட்டுக்கு மறுபுறம்தான் உள்ளன. கடைசியில் பன்னிரண்டு வோல்ட் இணைப்புக்கு ஃபியூஸ் வைத்த ஒரு வயர்.

இந்த வேலையில் ஒரு பொருள் மிஞ்சும்: நடு இருக்கையின் சீட் பெல்ட். பெரும்பாலும் அது இடுப்புக்கு மட்டுமான பட்டை, தோளுக்குக் கிடையாது. 1999 மாடல்கள் முதல் இலகுரக டிரக்குகளில் ஓட்டுநருக்கும் கதவோரத்தவருக்கும் ஏர்பேக் கட்டாயமானபோதும் நடுவிலிருந்தவருக்கென எதுவும் வரவில்லை. பின்வரிசை இல்லாத டிரக்குகளில், குழந்தையை முன்னால் உட்காரவைப்பதைத் தவிர வழியில்லை என்பதால், கதவோரத்து ஏர்பேக்கைச் சாவியால் அணைத்துவைக்க 1995 முதல் அரசு இசைந்தது. நடுவிடத்துக்கு அப்படியொரு விவாதமும் எழவில்லை. அழகும் வசதியும் ஒருபுறம் இருக்க, அங்கே மனிதர் உட்காராதிருப்பதே நல்லது என்று பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் வாதிட்டால் என்னால் மறுக்க இயலாது. திண்ணையைப் பற்றிய என் ஏக்கம் ஒரு விபத்தின் முன் நிற்காது. ஆனால் பெல்ட்டைக் கழற்றிய பின்னும் ‘ஒரு நாளைக்குத்தானே’ என்று யாரையாவது பெட்டியின்மேல் உட்காரவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் அச்சமூட்டுவது. மூவர் போகவேண்டிய நாள் பெட்டி வந்த பிறகும் வரத்தான் செய்கிறது.

அதன் பிறகு நடுவிடம் மேலும் மாறியது. 2013 ராம் 1500இல் கியர் ஒரு சுழல் குமிழாகச் சுருங்கி டாஷ்போர்டுக்குப் போனது. 2021 ஃபோர்டு எஃப்-150இல் பொத்தானை அழுத்தினால் கியர் தண்டு மடங்கிப் படுத்துக்கொள்ள, கன்சோலின் மூடி விரிந்து மேசையாகிறது. கன்சோல் என்ற சொல் தன் பழைய பொருள்களுள் ஒன்றுக்கு அங்கே திரும்பியிருக்கிறது. கார்களில் பெஞ்ச் முன்னிருக்கை 2013ஆம் ஆண்டின் செவ்ரோலே இம்பாலாவோடு முடிந்துபோயிற்று. டிரக்குகளில் பெரும்பாலும் அடிப்படை வகைகளில் அது பிழைத்திருக்கிறது. மின்வாரியங்களும் ஒப்பந்தக்காரர்களும் மொத்தமாக வாங்கும் வெள்ளை நிற டிரக்குகள் அவை. ஆறேழு ஆண்டுகள் உழைத்தபின் ஏலத்துக்கு வரும் அந்த வண்டிகளை வாங்குபவர்தான் பெரும்பாலும் முதல் வேலையாக நடு இருக்கையைக் கழற்றுகிறார். கழற்றிய இருக்கை காயலான் கடைக்குப் போகிறது. எதிர்த்திசையில், ஆடம்பர வகை டிரக்கை மலிவாக வாங்கிவிட்டு, வேலைக்கு மூவர் போகவேண்டியிருப்பதால் கன்சோலைக் கழற்றிப் பழைய நடு இருக்கை தேடி அதே கடைக்கு வருபவர்களும் உண்டு. அவர்கள் இருக்கையோடு பெல்ட்டையும், தரையில் அது பூட்டப்பட்டிருந்த போல்ட்டுகளையும் கேட்டு வாங்கவேண்டும்.